தெரிந்த பிழைதானே, விடுங்க

உங்களில் பாதிப் பேரை நான் பார்த்ததில்லை. நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார்கிறீர்கள் என்பதும் தெரியாது. ஜன்னலோர நாற்காலி அது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழும், ஒன்றும் தெரியாது, கண்ணைச் சுருக்கிச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். ஒரு அட்டையை ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருந்தேன். யாராவது எடுத்துப் போட்டிருந்தால் மறுபடியும் செருகிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் மாலையானால் எழுத்து கலங்குகிறது.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று பிரவீன் கேட்டார். பிரவீன்தான் நம் அறைக்குத் தலைவர், உங்களுக்குத் தெரியும். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் காலமெல்லாம் குனிந்து உட்கார்ந்திருந்தேன். கடை மூடிய பிறகு தென்னூரில் இந்த வேலைக்கு வந்தேன். மனுஷன் கையில் ஒரு போன் என்ன பாடு படும் என்று தெரிந்தவர் ஒருவராவது வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். பெருமாள் புண்ணியத்தில் ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஓடியது. நீங்கள் எல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள். பிழையை எப்படி எழுதி அனுப்புவது, எதை எங்கே பதிவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதை எழுதி உங்களையும் களைப்பாக்க வேண்டாம், என்னையும் களைப்பாக்க வேண்டாம். ஒரே ஒரு சங்கதியைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

நம் வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் உங்களுக்கும் சொல்லத் தெரியாமல் இருக்கும். நான் இப்படிச் சொல்வேன். உலகத்தில் இருக்கிற போன்களுக்கு அப்டேட் வருகிறதே, அது வருவதற்கு முன்னால் நமக்கு வரும். அதை நம் தலையில் போட்டுக்கொண்டு, எங்கெங்கே உடைகிறது என்று பார்த்து மேலே, போன் கம்பெனிக்குச் சொல்வோம். அவர்கள் சரி செய்து அனுப்புவார்கள். அதில் வேறொன்று உடைந்திருக்கும். மறுபடியும் சொல்வோம். இதற்கு முடிவே கிடையாது. கடைசியில் ஒரு நாள், போதும், ஜனங்களுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் நம் அறையில் ஓகே கொடுப்பது என்று பேர். பேட்டரிக்கு ஒருவர், கேமராவுக்கு ஒருவர், கால் வருவது போவதற்கு ஒருவர் என்று அவரவர் பகுதிக்கு அவரவர் ஓகே கொடுக்க வேண்டும்.

நம் அறையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இப்போதும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று, அப்டேட்டை ஆபீஸ் சோதனைக்குத் தரும் மேஜைப் போனில் மட்டும் போட்டால் போதாது, சொந்தப் போனிலும் போட்டுக்கொண்டு வாழ வேண்டும். மேஜைப் போனுக்கு அம்மா கூப்பிட மாட்டார், பால்காரர் கூப்பிட மாட்டார், அது பொய் சொல்லும். சொந்தப் போன்தான் உண்மை சொல்லும். உண்மை சொல்லிச் சொல்லி அது எங்கள் மானத்தை வாங்கியதும் உண்டு. ஒரு தடவை பூஜையில் மணியடித்துக்கொண்டிருக்கும்போது என் போன் தானாகவே பேச ஆரம்பித்து, திருச்சியில் இன்று மழைக்கு வாய்ப்பில்லை என்றது. "சாமிக்கே நியூஸ் வாசிக்குதா உங்க போனு?" என்றாள் என் மனைவி. "இதை எடுத்துட்டுப் போய் ஆபீஸ்லயே விட்டுட்டு வாங்க. மனுஷங்க வீட்டுல வெக்கற பொருளா இது?"

இன்னொரு வழக்கம், போனைக் கவிழ்த்து வைப்பது. வெளிவராத அப்டேட் வெளியாள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சேர்ந்த நாளிலேயே சொல்லிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அது கையோடு ஒட்டிக்கொண்டுவிடும். பஸ்ஸில், ஓட்டலில், சொந்த வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், எங்கே வைத்தாலும் முகம் கீழேதான். உங்களுக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும். கையைப் பாருங்கள்.

எனக்கு அடுத்த மேஜை ஜெசிந்தா. நீங்கள் அறிவீர்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருகிறவர். கால் சம்பந்தப்பட்டது எல்லாம் அவர் பொறுப்பு. என்னை அண்ணே என்பார், நான் ஜெசிம்மா என்பேன். நான் கோயில் பிரசாதம் கொண்டு வந்தால் முதலில் கை நீட்டுவது அவர்தான். கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று முட்டை இல்லாமல் தனியாக ஒரு சின்ன கேக் செய்துகொண்டு வருவார். அவர் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஜெசிந்தா தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றார். அவருக்கே சர்க்கரை இருந்ததால் டாக்டர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் இறந்தவர்கள் தானம் கொடுக்கிற கிட்னிக்காகப் பேர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். எந்த நேரத்திலும் வரலாம், எந்த நம்பரிலிருந்தும் வரலாம். வந்தால் உடனே ஓட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த உறுப்பு காத்திருக்காது.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த முதல் நம்பர் ஜெசிந்தாவுடையது. இரண்டாவது ஆரோக்கியத்துடையது. அந்த முதல் நம்பர் இருந்த போனில்தான் ஜெசிந்தா வெளிவராத அப்டேட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். இது அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் கேட்டபோது, "எந்நேரமும் கையில இருக்கறது இந்தப் போன்தானேண்ணே. வேற எதைக் குடுப்பேன்?" என்றார்.

அந்த அப்டேட்டில் ஒரு பிழை இருந்தது. போனில் பேர் பதியாத நம்பரிலிருந்து கால் வந்தால் சில சமயம் மணி அடிக்காது. ஓரமாக ஒரு வெளிச்சம் மட்டும் வந்து போகும். அப்புறம் எடுத்துப் பார்த்தால் மிஸ்டு கால் என்று காட்டும். முதலில் கண்டுபிடித்து எழுதி அனுப்பியது ஜெசிந்தாவேதான். மேலே இருந்து பதில் வந்தது. எப்போதாவதுதான் வருகிறது, எதனால் வருகிறது என்று தெரியவில்லை, தெரிந்த பிழையாக வைத்துக்கொள்வோம், பின்னால் பார்க்கலாம்.

பிள்ளைகளே, இந்தத் தெரிந்த பிழை என்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிழைக்கு அந்தப் பேர் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதை எழுதி அனுப்ப மாட்டார்கள். எழுதினால், தெரிந்ததையே எதற்குத் திரும்ப அனுப்புகிறாய் என்று கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஓடி வந்து, "அக்கா, எனக்குக் கால் வந்துச்சு, அடிக்கவே இல்ல" என்று சொன்னபோது, "அது தெரிஞ்ச பிழைதானே, விடுங்க" என்று ஜெசிந்தாவே சொன்னார். நானும் மற்றவர்களும் தலையாட்டினோம்.

அதைவிட மோசம், நாங்கள் பழகிக்கொண்டோம். கொஞ்ச நேரத்துக்கொருதரம் போனைத் திருப்பி, ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்து வைப்போம். எங்களுக்கே தெரியாமல் கை அதைச் செய்யும். போனில் இருந்த ஓட்டையை எங்கள் கையே அடைத்துக்கொண்டிருந்தது. அப்படி அடைத்துவிட்டு, இப்போது முன்னைப்போல வருவதில்லையே, தேவலையே என்று பேசிக்கொண்டோம். வெளியே வாங்கிப் போடப் போகிறவனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? அவன் மணி அடிக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பான்.

ஓகே கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கு அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெசிந்தா காலையிலிருந்து இரண்டு மேஜைப் போன்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலை மும்முரத்தில் தன் போனைத் திருப்பிப் பார்க்க மறந்திருக்கிறார். சாப்பாட்டுக்கு எழுந்தபோதுதான் எடுத்தார்.

திரையில் இருந்த மிஸ்டு கால் நம்பரையே பார்த்தபடி நின்றார். "என்னம்மா?" என்றேன். அந்த நம்பரையே திரும்பக் கூப்பிட்டார். நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், ஆரோக்கியம் வீட்டுக்காரி பேசறேன்... ஆமா மேடம், இந்த நம்பர்தான்... இல்ல மேடம், அடிக்கவே இல்ல மேடம். போன் எம்பக்கத்துலதான் இருந்துச்சு... அவரு டயாலிசிஸ்ல இருக்காரு மேடம், போன் இருக்கற பை வெளிய இருக்கும்... அடுத்தவங்க வந்துட்டாங்களா?"

அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவங்களுக்குச் சேரலன்னா... சரி மேடம். இல்ல, நான் வரேன். ஓரமா நிக்கறேன். தொந்தரவு பண்ண மாட்டேன்."

கீழே கூட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். நானும் வரவா என்று கேட்டதற்கு, வேண்டாம் அண்ணே என்று தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டோ போன பிறகும் அங்கேயே நின்றேன். ரெங்கா ரெங்கா என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

மேலே ஏறி வந்தால் பிரவீன் என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். எல்லாரும் ஓகே குடுத்துட்டாங்க. கால் மட்டும் பாக்கி. மேல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. பொறுப்புல இருக்கறவங்க இல்லாதப்ப சீனியர் குடுக்கலாம்."

"நடந்ததைப் பாத்தீங்கல்ல தம்பி?"

"பாத்தேண்ணே. எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ஆனா இது புதுசு இல்லையே. தெரிஞ்ச பிழைன்னு போட்டுத்தான வெளிய விடறோம். இன்னைக்கு நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. எப்ப வருது, எதனால வருதுன்னு நம்மால காட்ட முடியாது. எங்க ஸ்டாஃப் ஒருத்தங்களுக்கு முக்கியமான கால் போயிருச்சுன்னு சொன்னா, பரிதாபப்படுவாங்க, அவ்வளவுதான். அடுத்த வேலையை பெங்களூருக்குக் குடுத்துருவாங்க. இந்தப் பிள்ளைங்க எல்லாம் எங்கண்ணே போவும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எதிரில் ஒரு கெட்டவன் இருந்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம். நம் தொழிலில் பெரும்பாலும் எதிரில் நிற்பது கவலைப்படுகிற ஒரு நல்ல மனுஷன்தான். அறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் என் கண் முன்னால் வந்தது.

"தம்பி, நான் குடுக்கல. நிறுத்தவும் சொல்லல" என்றேன். "சாயங்காலம் வரைக்கும் டயம் கேளுங்க. கால் பாக்கறவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கன்னு உள்ளதைச் சொல்லுங்க. அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சாயங்காலம் மட்டும் என்ன மாறிடும்ணே?"

"தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பெரிய சூட்சுமம் ஒன்று இருந்தால் அது இதுதான். அவசரப்படுத்தும்போது ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், கொஞ்ச நேரம் வாங்குவது. அது கோழைத்தனம் மாதிரித்தான் தெரியும். பரவாயில்லை. பிரவீன் கேட்டார். அலுவலகம் மூடும் வரைக்கும் கொடுத்தார்கள்.

டீ நேரத்தில் ஜெசிந்தா வந்தார். வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

"என்னம்மா இங்க வந்துட்டே?"

"அவங்களுக்கே சேந்துருச்சுண்ணே. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்க வீட்டம்மா எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. யாருன்னு தெரியாம எங்கையைப் புடிச்சுக்கிட்டு, ஜெபம் பண்ணுங்க தாயின்னாங்க. பண்ணிட்டு வந்தேன்."

"ஆரோக்கியத்துக்குச் சொன்னியா?"

"போன்ல சொன்னேன். கெடச்ச வீட்ல இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவாங்க, நீ அழாதேன்னாரு. வீட்டுக்குப் போனா அழுதுருவேண்ணே. அதான் இங்க வந்தேன்." பிறகு பிரவீனைப் பார்த்துக் கேட்டார். "கால் ஓகே குடுத்துட்டீங்களா?"

"இல்ல. உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கு."

"நான் குடுக்க மாட்டேன் சார்."

"எப்படி வருதுன்னு காட்டணும் ஜெசிந்தா."

"காட்டுவோம். இந்த ரூம்ல இருக்கற எல்லார் நம்பரும் எம்போன்ல பேர் போட்டு இருக்கு. மேஜைப் போன் நம்பர்கூட இருக்கு. இங்க உக்காந்து எப்படி வரும்? என்னைத் தெரியாதவங்க வேணும்."

மூவரும் கீழே இறங்கி டீக்கடைக்குப் போனோம். நாங்கள் வழக்கமாகக் குடிக்கிற கடை வேண்டாம், அங்கே எல்லாரையும் தெரியும் என்று ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனோம். அங்கே ஒரு ஆட்டோக்காரர், பக்கத்துச் செருப்புக்கடை பாய், டீ ஆற்றுகிறவர். பிரவீன் போய், "அண்ணே, இவங்க போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்க முடியுமா?" என்று கேட்டதும் ஆட்டோக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"எதுக்கு? குடுத்தா எம் பேங்க்குல இருக்கறதெல்லாம் போயிருமா?"

"இல்லண்ணே, நாங்க எதிர்ல மாடி ஆபீஸ்." பிரவீன் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"கழுத்துல அட்டை தொங்குனா ஆபீசரா? எங்க மச்சான்கிட்ட கோட்டே போட்டுக்கிட்டு வந்து ஏமாத்துனான் ஒருத்தன்."

டீ ஆற்றுகிறவர், "உங்கிட்ட ஏமாத்த என்ன இருக்கு? எங்கடைக்கே பாக்கி" என்றார்.

பாய் எழுந்து வந்தார். "ஏம்ப்பா, சும்மா இருக்க மாட்டியா? அந்தம்மா முகத்தைப் பாரு, ஏமாத்தற முகமாவா இருக்கு? நீ நம்பரைச் சொல்லும்மா."

ஜெசிந்தா சொன்னார். பாய் அடித்தார். கையில் இருந்த போன் நன்றாகவே அடித்தது. திரும்ப அடிக்கச் சொன்னோம். திரும்பவும் அடித்தது. டீ ஆற்றுகிறவர் அடித்தார், அதுவும் அடித்தது. இப்போது ஆட்டோக்காரருக்கே பொறுக்கவில்லை. "நானும் பண்ணிப் பாக்கறேன், இருங்க" என்று தன் போனை எடுத்தார். அதுவும் கணகணவென்று அடித்தது. "பாத்தீங்களா, நம்ம போன் போட்டா எங்க வேணாலும் போவும்" என்று சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஜெசிந்தா சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

நாங்கள் சோர்ந்துவிட்டோம். வேண்டாத நேரத்தில் எல்லாம் ஒழுங்காக நடப்பது இந்தப் பிழைகளின் குணம். "உக்காருங்க, டீ குடிங்க" என்று பாய் எல்லாருக்கும் சொன்னார். ஜெசிந்தா பெஞ்சில் போனை வைத்துவிட்டு டம்ளரை வாங்கினார். "கடைசியா ஒரு தடவை பண்ணிடறேம்மா, என் திருப்திக்கு" என்று பாய் மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

"போவுதும்மா ரிங்கு. எங்காதுல நல்லாக் கேக்குது."

பெஞ்சில் போன் பேசாமல் கிடந்தது.

யாரும் டீயைக் குடிக்கவில்லை. பிரவீன் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். போனுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் மெல்லிய வெளிச்சம் ஓடியது.

"கவுத்து வெச்சிருக்கீங்க" என்றார்.

"எப்பவும் அப்படித்தானே சார் வெப்போம்."

"எப்பவும் அப்படித்தான் வெப்போம்" என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். போனை நிமிர்த்தி வைத்து பாயை அடிக்கச் சொன்னார், அடித்தது. கவிழ்த்து வைத்தார், அடிக்கவில்லை. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பிரவீன் படித்தவர், அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எங்களுக்கும் விளக்கினார். தூங்குகிறவரைத் தெரியாத ஆட்கள் எழுப்பக் கூடாது என்று அந்த அப்டேட்டில் புதிதாக ஒரு வசதி சேர்த்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் போன் கவிழ்ந்து கிடந்தாலே ஆள் தூங்குகிறார் என்று அது எடுத்துக்கொண்டது, பட்டப்பகலானாலும். எங்கள் அறையைப்போல நாள் முழுக்கப் போனைக் கவிழ்த்து வைக்கிற ஜனங்கள் வேறு எங்கே இருப்பார்கள்? எங்களுக்குத்தான் அது அடிக்கடி வந்திருக்கிறது. எல்லாருக்கும் எப்போதும் கவிழ்ந்தே கிடந்ததால், கவிழ்ந்து கிடக்கிறது என்பது யார் கண்ணிலும் படவில்லை. மேலே இருந்தவர்கள் சோதித்துப் பார்க்கும்போது கையில் நிமிர்த்திப் பிடித்துப் பார்த்திருப்பார்கள். எப்போதாவதுதான் வருகிறது என்று எழுதிவிட்டார்கள்.

பாய்க்கு விஷயம் என்னவென்று பாதிதான் புரிந்தது. "ஏதோ முக்கியமான போன் தவறிருச்சா தாயி?" என்று கேட்டார். ஜெசிந்தா ஆமாம் என்றார். "அல்லாஹ் திரும்பக் குடுப்பான்மா" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசு வாங்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சைகை காட்டினார்.

மேலே வந்து ஜெசிந்தா எழுதி அனுப்பினார். பேர் பதியாத நம்பர், கவிழ்ந்த போன், மணி அடிக்காது, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். ஆஸ்பத்திரி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதச் சொல்லி பிரவீன் கேட்டதற்கு, "வேணாம் சார், இதே போதும்" என்றார். போதுமாகத்தான் இருந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்தார்கள். எங்களிடமிருந்து வேலையையும் பிடுங்கவில்லை. கொஞ்ச நாளில் சரி செய்து அனுப்பினார்கள். ஜெசிந்தா போனைக் கவிழ்த்துப் போட்டு, அதே பாயை அடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஓகே கொடுத்தார். வெளியே எத்தனையோ பேர் அந்த அப்டேட்டைப் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கிறது, நல்லா இல்லை என்று பேசிக்கொண்டார்கள். மணி அடித்தது பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நம் வேலை ஒழுங்காக நடந்தால் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அன்றைக்கு அந்தப் போனை எடுத்துப் பேசியிருந்தால் அந்தக் கிட்னி ஆரோக்கியத்துக்குப் பொருந்தியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நிறையப் பேரைக் கூப்பிடுவார்கள், பரிசோதனையில் பாதிப் பேருக்குச் சேராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், ஆறுதலுக்கு. அது ஆறுதலா, அதுவும் ஒரு பாரமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் ஜெசிந்தாவிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நீங்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரவீன் ஒரு வரியாவது எழுதச் சொல்வார். உயிர் தொங்கும் நம்பரை இந்தப் போனில் வைக்காதீர்கள், அதற்கு வேறு போன் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் ஜெசிந்தாவின் போனில் அந்த நம்பர் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் அன்றைக்கு ரோட்டைத் தாண்டியிருக்க மாட்டோம். அந்தப் பிழை வெளியே போயிருக்கும், வேறு யார் தலையிலோ விடிந்திருக்கும். இப்படிப் போட்டுக் குழப்பிக்கொள்வதிலேயே என் ரிட்டயர்மெண்ட் போகிறது. ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்கிறேன். யாராவது உங்களிடம் தெரிந்த பிழைதானே என்றால், யாருக்குத் தெரிந்த பிழை என்று திருப்பிக் கேளுங்கள். அந்தப் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கால் வரும் என்று காத்திருக்கிறவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். கேட்டால் எரிச்சல்படுவார்கள். படட்டும்.

ஜெசிந்தாவின் போன் அடிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேர் தெரியாத நம்பராக இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். லோன் வேணுமா என்று கேட்கிற பெண்ணிடம்கூட, "வேணாம்மா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். அந்த மணி அடிக்கும்போது அறையில் பழைய ஆட்களின் கை ஒரு விநாடி நின்று, அப்புறம் ஓடும். ஏன் என்று கேட்டிருக்க மாட்டீர்கள், இப்போது தெரிந்துகொண்டீர்கள். ஆரோக்கியம் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். முகம் கறுத்து, மெலிந்துவிட்டார்.

நான் விடியற்காலையில் ஸ்ரீரங்கத்தில் விஸ்வரூப தரிசனத்துக்குப் போகிறேன். முட்டி வலிக்கிறது, இருந்தாலும் போகிறேன். என் வீட்டுக்கு என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டு முடித்த பிறகு ஆரோக்கியத்தின் ஞாபகம் வரும். அவருக்காக என்ன கேட்பது என்பதில்தான் எனக்குப் பெரிய சங்கடம். அந்தப் போன் வர வேண்டும் என்று கேட்டால், எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் சாக வேண்டும் என்று பெருமாளிடம் கேட்டதாகிவிடும். அதற்கு வாய் எழவில்லை. பல நாள் கையைக் கூப்பிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறேன்.

போன மாதம் ஜெசிந்தா வீட்டுக்கு வந்திருந்தபோது இதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"நானும் மாதாகிட்ட அதைக் கேக்கறது இல்லண்ணே" என்றார்.

"பின்ன என்னதாம்மா கேப்பே?"

"வந்தா அடிக்கணும். அவ்வளவுதான் கேப்பேன்."

இப்போது நானும் அதையே கேட்டுவிட்டு வருகிறேன்.